பியூலாவின் இன்றைய முகம்

லாசரஸ் சாருக்குப் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. கண் அழுத்த நோய். முதலில் ஓரங்கள் மங்கின. பிறகு உலகம் ஒரு குழாய்க்குள் தெரிவதுபோலச் சுருங்கியது. கடைசியில் அந்தக் குழாய்க்குள்ளும் பனி இறங்கிவிட்டது. விலங்கியல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு சேலையூர் வீட்டோடு இருந்தார்.

மதியங்களில் வராந்தா நாற்காலியில் சாய்ந்திருப்பார். விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் சோம்பலாக வட்டமடிக்கும். அவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று மனைவி பியூலாவுக்கே தெரியாது. அந்த அரைத் தூக்கத்தில் அவருக்கு எல்லாம் தெரியும். ஏரித் தண்ணீரில் நாரைகள் நிற்கும். கரும்பலகையில் யாரோ வரைந்த தவளை இருக்கும். ஈரத் தலையோடு மஞ்சள் புடவையில் பியூலா வருவாள். அந்தப் பியூலாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இராது.

மேடவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் இந்தச் சிலை விஷயம் ஆரம்பித்தது. உடன் வேலை பார்த்த தசரதனின் மகனுக்குக் கல்யாணம். தசரதன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மேடைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து லாசரஸின் கையைப் பிடித்தான்.

"அங்கிள், அப்பா இங்க சேர்ல உக்காந்திருக்கார். சிலிகான் சிலை. தொட்டுப் பாருங்க."

லாசரஸ் கையை நீட்டினார். புறங்கையில் நரம்பு ஓடியது. வாலிபால் ஆடி வளைந்துபோன சுண்டுவிரல் அப்படியே வளைந்திருந்தது. சூடு மட்டும் இல்லை. நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அந்தக் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு கேட்டார்: "இதைச் செஞ்சது யாருப்பா?"

செய்தவள் பெயர் ரோஹிணி. முடிச்சூரில் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருந்த சிற்பி. அசல் மனிதரைப் போலவே சிலை செய்வதுதான் அவள் தொழில். மறுநாளே லாசரஸ் அவளைப் போனில் கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார். யார் தவறினது?"

"யாரும் தவறலைம்மா. என் வொய்ஃப். உள்ள குழம்பு வெச்சுக்கிட்டிருக்கா."

கரண்டியோடு வெளியே வந்த பியூலா விஷயம் கேட்டுச் சிரித்துவிட்டாள். "உயிரோட இருக்கிறவளுக்கு எதுக்குங்க சிலை? என் முகத்தைத் தொட்டுப் பாத்துக்க வேண்டியதுதானே?"

"நான் தொட்டா உன் முகம் மாறிடுது பியூலா. கூச்சப்படுற, இல்லைன்னா சிரிக்கிற. யாரும் பாக்காதப்ப நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியணும்."

அவளுக்கு அதற்குமேல் மறுக்கத் தோன்றவில்லை.

இருவரும் பல நாள் ஆட்டோவில் முடிச்சூர் போய் வந்தார்கள். பட்டறையில் ஈரக் களிமண் வாசனை. சுவரோரம் அரைகுறை முகங்கள் வரிசையாக இருப்பதாகப் பியூலா சொன்னாள். முதலில் களிமண்ணில் முகம், பிறகு அச்சு, அதற்குப் பிறகுதான் சிலிகான் என்று ரோஹிணி விளக்கினாள். மின்விசிறிக் காற்றில், மண்ணை வழிக்கும் மெல்லிய ஓசையில் லாசரஸுக்குக் கண் செருகும். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

அப்படி அவர் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், பியூலா கைப்பையிலிருந்து பழைய போட்டோ ஒன்றை எடுத்தாள்.

"ரோஹிணி, கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பிடும்மா. கண்ணுக்குக் கீழே இருக்கிற இந்தப் பையெல்லாம் வேண்டாம்."

"ஆன்ட்டி, சார் இப்ப இருக்கிற முகத்தைத்தானே கேட்டார்?"

"அவர் மனசுல நான் இன்னும் நல்லா இருக்கேம்மா. இருந்துட்டுப் போறேனே."

ரோஹிணி போட்டோவை வாங்கிப் பார்த்தாள். பிறகு மண்ணை எடுத்துக் கன்னத்தில் அப்பினாள்.

அச்சு எடுப்பதற்கு முன்பு லாசரஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவர் விரல்கள் நெற்றியில் தொடங்கி மூக்கில் இறங்கி, கன்னத்தில் பரவின. முகம் மலர்ந்தது.

"பியூலாதான். அப்படியே இருக்கா."

பியூலா நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனால் அவர் விரல்கள் நகரவில்லை. மெதுவாகச் சொன்னார்: "இவளை எனக்கு நல்லாத் தெரியுமேம்மா. எனக்குத் தெரியாதவளைத்தானே நான் கேட்டேன்?"

ரோஹிணி தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே தண்ணீர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது.

பியூலா எழுந்து அந்தக் களிமண் முகத்தின் முன்னால் வந்து நின்றாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கட்டைவிரலால் களிமண் கன்னத்தை அழுத்தி மண்ணை உள்ளே தள்ளினாள். வாயோரத்தில் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள்.

"நானே செஞ்சா கெட்டுப்போயிடுமா?"

"நீங்க செய்யுங்க ஆன்ட்டி. நான் சரி பண்ணித் தரேன்."

இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். சாயங்காலம் லாசரஸ் மறுபடி தொட்டார். இந்த முறை விரல்கள் தயங்கித் தயங்கி நகர்ந்தன, அறியாத ஊரில் வழி கேட்டு நடப்பவனைப்போல. புருவங்களுக்கு நடுவில் நின்றன.

"இவ்வளவு ஆழமா ஒரு கோடு. இது எப்ப வந்தது?"

"நீங்க தனியா கேம்ப் ரோட்டைக் கிராஸ் பண்ணிச் சர்ச்சுக்குப் போவீங்கல்ல? அப்ப கேட்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அதுல வந்தது."

"நீ பாக்குறேன்னு எனக்குத் தெரியாதே."

"சொன்னா நிக்க விடுவீங்களா?"

அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவில்லை. கையை எடுக்க மனம் வரவில்லை.

சிலைக்கு நிறம் பூச வேண்டுமா என்று ரோஹிணி தயங்கிக் கேட்டபோது, "பூசும்மா. அவ பாப்பாளே," என்றார். நரைமுடி ஒவ்வொன்றாகப் பதிக்கப்பட்டு, தலையிலிருந்து தோள்வரை மட்டும் இருந்த அந்தச் சிலைப் பியூலா மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஜெபக் கூட்டத்துக்கு வந்த பெண்கள் முதலில் மிரண்டார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி சிலைக்கும் சேர்த்து "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு மதியம் வராந்தாவில் பியூலா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். லாசரஸ் திடீரென்று கேட்டார்: "பியூலா, நான் இப்ப எப்படி இருக்கேன்?"

இத்தனை காலமாக அவர் தன் முகத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. பியூலா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"தலை முழுக்க வெள்ளை. புருவம் மட்டும் இன்னும் கறுப்புதான். காது கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு."

"அப்புறம்?"

"தூங்குறப்ப வாய் லேசாத் திறந்திருக்கும். யாருக்கோ பதில் சொல்லப் போற மாதிரி."

"அப்புறம்?"

மழைக் காற்று வந்து தொட்டியிலிருந்த குரோட்டன்ஸ் இலைகளை அசைத்தது. அவள் மூக்கைச் சொன்னாள், கன்னத்து மச்சத்தைச் சொன்னாள். தாடைக்கு வரும்போது அவர் மூச்சு சீராகிவிட்டிருந்தது. தூங்கிவிட்டார். ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியையும் சொன்னாள்.