பேயின் கைக்கடிகாரம்

இன்று அடுப்பில் கருவாடு வறுபட்டதுமே, கல்மண்டபம் ஏரியாவில் எப்போதோ இடித்துத் தள்ளிய அந்தத் தகர சினிமாக் கொட்டகை ஞாபகம் வந்து தொலைத்தது. மீன் விற்று முடித்த பெண்கள், என் அம்மாவும்தான், காலிக் கூடையை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு மேட்னிக்கு உட்காருவார்கள். மின்விசிறி சுற்றச் சுற்ற மீன் கவிச்சி கொட்டகை முழுக்கப் பரவும். எத்தனை முறை போட்டாலும் அதே மட்டமான பேய்ப்படத்துக்குத்தான் கூட்டம். வெள்ளைப் புடவைப் பேய் கழுத்தை நெரிக்கக் கை நீட்டும்போது, நடிகை கழற்ற மறந்த கைக்கடிகாரம் பளிச்சென்று தெரியும். உடனே கொட்டகையே கத்தும், அம்மா எல்லாருக்கும் முன்னால்: "ஏ பேயி, மணி இன்னா?"

போனில் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து அம்மாவுக்குப் போட்டுக்காட்டினேன். எவனோ ஒரு புண்ணியவான் படத்தைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று கடிகாரத்தைச் சுத்தமாக அழித்து வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் அந்தக் குப்பையை ஓட வைத்ததே அதுதானே, அறிவுகெட்டவனே! கத்துவதற்கு வாயைத் திறந்த அம்மா, அந்த வெறுங்கையைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தாள்.

"அய்ய, இது இன்னாடா, நெஜப் பேயி மாறி கீது. நிறுத்துடா!"