கெடாமல் வைத்த மண்

ஏற்காட்டில் ஒரு பொருளைக் கெடாமல் வைப்பதென்றால் காய வைப்பதுதான். காபியும் மிளகும் அப்படித்தான் மூட்டைக்குப் போகின்றன. இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் இது என் மண்டையில் ஏறவில்லை.

கொட்டச்சேட்டில் ஓர் அம்மா. எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் வேலை. சொந்தமாக அரை ஏக்கர் காபி. அதில் செடிகள் மஞ்சளடித்துச் செத்துக்கொண்டிருந்தன. வேரைத் தின்னும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழு இருக்கிறதா என்று பார்க்க மண் எடுக்கப் போனேன். அதுதான் என் உத்தியோகம். புழு இருந்தால் சில வருஷம் அங்கே காபியை மறந்துவிட வேண்டும். இல்லையென்றால், வீட்டுக்குப் பின்னால் அவர் பைகளில் வளர்த்து வைத்திருந்த நாற்றுகளை அங்கேயே நடலாம்.

செத்த செடியை விட்டுவிட்டு, சாகப்போகிற செடியின் அடியில் தோண்ட வேண்டும். புழு உயிருள்ள வேரைத்தான் தேடிப் போகும். ஈர மண்ணும் ஒரு கைப்பிடி சல்லிவேரும் பையில் போட்டுக் கட்டினேன். அன்று சனிக்கிழமை; ஆய்வுக்கூடம் திங்களன்றுதான் திறக்கும். அடுத்து கரடியூருக்கு வேறு போக வேண்டியிருந்தது. சுமக்கச் சோம்பல்பட்டுப் பையை அவரிடமே கொடுத்தேன்.

“கெட்டுப் போகாம வெச்சிருங்கம்மா. திங்கக்கிழமை காலையில ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டு வந்துருங்க.”

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். பையைப் பிரித்துக் கையை விட்டேன். மண் மாவாக இருந்தது. வேர்கள் தொட்டதும் ஒடிந்தன.

“மொளகுகூடவே பாயில போட்டுக் காய வெச்சனுங்க சார். கல்லெல்லாம் பொறுக்கிப் போட்டனுங்க” என்றார் பெருமையாக. உரம் போடுவதற்கான சோதனைக்கு மண்ணைக் காய வைத்துத்தான் கொடுப்பார்கள். அவருக்குத் தெரிந்தது அது.

நூற்புழு ஈரத்தில்தான் பிழைக்கும்; காய்ந்து செத்துவிட்டால் சோதனையில் அகப்படாது. திரும்பிப் போய்ப் புதிதாக எடுத்திருக்க வேண்டும். அதற்குள் சேலம் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். காய்ந்த மண்ணைக் கொண்டுபோனால் ஆய்வுக்கூடத்தில் திட்டுவார்களே என்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பையில் ஊற்றிப் பிசைந்தேன்.

நூற்புழு இல்லை என்று முடிவு வந்தது.

“அப்ப அதே குழியில வெக்கலாங்களா சார்?” என்று போனில் கேட்டார். வைக்கலாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மறு வருஷம் மழைக்குப் பிறகு கூப்பிட்டார். புதுச் செடிகளும் மஞ்சளடித்துச் சாய்ந்து நின்றன. ஒன்றை ஒரு கையால் இழுத்தேன், வந்துவிட்டது. அடியில் வேர் என்று சொல்ல ஒன்றுமில்லை.

“எங்கையி ராசியில்லைங்களோ என்னமோ” என்றார்.

நான் இன்னொரு செடியின் அடியில் தோண்டினேன். அவர் பையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

“போன தடவ ஒரு நா வெயில்தானுங்க கெடச்சுது. இந்த வாட்டி ஊட்டு மேல போட்டு நொம்ப நல்லாக் காய வெச்சுத் தர்றனுங்க.”

“வேண்டாங்கம்மா. ஈரமாவே இருக்கட்டும்.”

அவர் பையைத் தாழ்த்தினார். “அப்ப போன தடவ நாந்தான் கெடுத்துப் போட்டனுங்களா?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “இல்லைங்க. லேப்புல ஏதோ தப்புப் பண்ணிட்டாங்க” என்றேன்.

“நல்லவேளைங்க சார். எம்மேல தப்போன்னு பயந்துட்டனுங்க” என்று சொல்லிவிட்டு, நான் கை கழுவத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.