அவகிட்டயே கேளுங்க

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இதை ஒற்றை விரலால் செல்போனில் தட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் சொந்தங்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து, செட்டியார்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அம்மா. அப்பா காலமான பின், ராஜபாளையம் மில்லில் ஷிப்டு பார்த்தே அண்ணனையும் என்னையும் வளர்த்தார். எனக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். கை கால் சொன்னபடி கேட்காது. மனதில் உடனே தோன்றும் சொல் வாய்க்கு வர நேரமாகும். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பதில் சொல்லிவிடுவார். அன்புதான். ஆனால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஆண்டாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பால்கோவா வாங்கி ஊட்டுவார். ஒருமுறை கடைக்காரர், "பாப்பாவுக்கு இனிப்புன்னா உசுரு போல?" என்றார்.

"பால்கோவா இருந்தாப் போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டா" என்றார் அம்மா.

அன்று நான் விடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினேன். "எனக்கு... பால்கோவா... பிடிக்காது. காரச்சேவுதான்... பிடிக்கும்."

சிரிக்கத் தொடங்கிய அம்மா அழுதுவிட்டார். "இம்புட்டு வருசமா ஒன் வாயில இனிப்பையும் என் பேச்சையும் சேத்துல்ல திணிச்சிருக்கேன், தாயி!"

அதன்பின் எனக்காக அம்மா ஒரு பதிலும் சொன்னதில்லை. "அவகிட்டயே கேளுங்க. செத்த நேரம் ஆகும், இருங்க" என்பார். ஒருநாள் தன் மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும் என்னை நடுவில் இருத்தி, "முதுகுக்குப் பின்னால பேசுறத மூஞ்சிக்கு நேரா கேளுங்க" என்றார். எதிர்வீட்டு அத்தைக்கு வாய்த்துடுக்கு அதிகம். "இது போன சென்மத்துப் பாவம்னு சொல்லுதாவளே?" என்று கேட்டேவிட்டார்.

"போன சென்மத்துல... என்ன செஞ்சேன்னு... எனக்கே தெரியாது. ஒங்களுக்கு... யாரு சொன்னா, அத்தை?"

முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு எல்லாக் கூட்டத்திலும் கேள்விகள் வந்தன. வலிக்குமா, படிக்க முடியுமா, பரம்பரையாக வருமா என்றெல்லாம் கேட்டார்கள். விசேஷ வீடுகளுக்கு அழைத்துப் போகாமல் அறைக்குள்ளேயே வைத்திருந்த, என்னைப் போன்ற தன் மகளை, ஒரு தாய் கூட்டத்துக்கு இடுப்பில் தூக்கி வந்தார்.

புற்றுநோய் அம்மாவைப் படுக்கையில் போட்டது. எனக்கு ஒரே பயம், அம்மா போனபின் நான் பேசி முடிக்கும்வரை யார் காத்திருப்பார்கள் என்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். தாய்மாமா அண்ணனைப் பார்த்து, "மாப்ள, இந்தப் பிள்ளைய இனி எங்க வைக்க? ஏதாச்சும் ஹோமுல விசாரிப்பமா?" என்றார். நான் அங்கேதான் இருந்தேன். அண்ணன் வாய் திறக்குமுன் எதிர்வீட்டு அத்தையின் குரல் கேட்டது.

"அவகிட்டயே கேளுங்க. செத்த நேரம் ஆகும், இருங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இங்க... எங்க வீட்டுலதான்... இருப்பேன்" என்றேன். இதையும் அந்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

அம்மாவின் சிகிச்சைக்கு உதவியவர்களுக்கும், காரியத்துக்கு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று நான் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லையே, அதற்கு என் நன்றி தனி.