மூடிக்கு வெளியே என் குரல்

நான் நடிகன். பொய்யாக அழுது, பொய்யாகச் சிரித்துப் பிழைத்தவன். இவன் பேச்சை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இது எனக்கு நடந்தது. ஒடெசாவில், பட்டப்பகலில், ஐம்பது பேர் நின்ற படப்பிடிப்புத் தளத்தில் நடந்தது. அவர்களில் பாதிப் பேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

நாற்பது வருடம் நடித்தேன். சினிமாவில் கதாநாயகனின் நண்பன், மூன்றாவது போலீஸ்காரன், ரயிலைத் தவறவிடும் டாக்டர். பிறகு தொலைக்காட்சி. ஒரு குடும்பத் தொடரில் ஒன்பது வருடம் மாமனாராக உட்கார்ந்து சூப் குடித்தேன். தெருவில் போனால் பெண்கள், "மாமா, மருமகளத் திட்டாதீங்க" என்பார்கள். என் பெயர் ஒருத்திக்கும் தெரியாது. எனக்கு வயிறு எரியும்.

அந்த நவம்பரில் போக்தான் என்ற பெரிய இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். கதாநாயகன் வேடம்! கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் கிழவன்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்கிரீன் டெஸ்ட். வேஷம் கட்டி ஒரு முழுக் காட்சி எடுக்கறோம். நீங்க வரலேன்னா வேற ஆளு" என்றார்.

அன்று மதியம்தான் தொடரில் என் மாமனார் சாக வேண்டியிருந்தது. கடைசிக் காட்சி, சவப்பெட்டியில்.

எங்கள் ஊர் நடிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியில் படுத்து நடித்தால், ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்த வேண்டும். 'சும்மா விளையாட்டு, நான் சாகவில்லை' என்று சாவுக்குச் சொல்வது அது. பிறகு ஒரு கோப்பை வோட்கா. அதன் பின்தான் யாரும் மூடியைத் தொடுவார்கள். மூடி போடும் ஷாட்டில் உள்ளே மணல் மூட்டைதான் இருக்கும்.

தொடரின் இயக்குநர் கிளேப் அவசரக்காரன்.

"ஆர்செனி லூகிச், ஒரே ஷாட்ல எடுத்துரலாம். நீங்க உள்ள இருக்கும்போதே மூடிருவோம். நடுவுல நிறுத்தினா சுத்தி நின்னு அழறவங்களுக்கு அழுகை போயிரும்."

மேக்கப் போடும் ராயா சண்டைக்கு வந்தாள். முப்பது வருடமாக என் மூஞ்சிக்கு மாவு பூசுகிறவள்.

"நாக்கு காட்டாம மூடியா? ஏன் தம்பி, உனக்கு மூளை இருக்கா?"

"விடு ராயா. ஆறு மணிக்குள்ள நான் போகணும்."

"போய்ச் சேர அவ்ளோ அவசரமா, கிழவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படுத்தேன்.

அழுதார்கள். நன்றாகவே அழுதார்கள். மூடி இறங்கியது. வெளிச்சம் ஒரு கோடாகி... மறைந்தது.

புது மர வாசனை. மூக்குக்கு நேராகப் பலகை. கிளேப் "கட்!" என்று கத்தியது கேட்டது. கைதட்டினார்கள். காத்திருந்தேன்.

கிரீச்... மூடி திறக்கும் சத்தம்.

என் மேல் வெளிச்சம் விழவில்லை.

வெளியே ஒரே சிரிப்பு. நடுவில் ராயாவின் குரல்.

"போதும், நாக்க உள்ள போடு! எவ்ளோ நேரம் காட்டுவ?"

யாரிடம் சொல்கிறாள்?

கோப்பைகள் மோதின. டிங்... பிறகு ஒரு இருமல். வறட்டு இருமல். அது என் இருமல்.

"சாவு இவ்ளோ சொகுசுன்னு தெரிஞ்சிருந்தா, ஒன்பது வருஷம் முன்னாடியே செத்திருப்பேனே!"

அது என் குரல். எழுந்ததும் சொல்வதற்காக நான் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த ஜோக் அது. யாரிடமும் சொல்லவில்லை.

கத்தினேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

பலகையைக் குத்தினேன். விரல் முட்டி வலித்தது... சத்தம் மட்டும் இல்லை.

"ஆறு மணிக்கு எனக்கு டெஸ்ட் இருக்கு. வரேன் ராயா" என்றது வெளியே என் குரல்.

"நல்லா நடி, கிழவா."

ராயா! அது நானில்லை!

காலடிகள் போயின. நாற்பது வருடம் காத்திருந்த வேடமும் அந்தக் காலடிகளோடு போனது. அழுதேன்.

பெட்டி ஆடியது. யாரோ தூக்கினார்கள்.

"இதுக்கு எதுக்குய்யா நாலு பேரு? ரெண்டு பேரு போதும். காலிப் பெட்டி, பஞ்சாட்டம் இருக்கு."

நான் தொண்ணூறு கிலோ.

இறக்கினார்கள். கதவு மூடியது. க்ளிக்...

இருட்டு.

காற்று குறைந்தது...

ஒவ்வொரு மூச்சும்... சின்னதாக...

பிறகு எதுவும் நினைவில்லை.

மூடி திறந்தபோது மேலே கிளாவாவின் முகம். சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்பவள். மெழுகுவர்த்தித் தாங்கிகளைக் காலிப் பெட்டியில் போட்டு வைப்பது அவள் பழக்கம். போட வந்தவள், தாங்கிகளைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

"நீங்க... நீங்க எனக்கு டாட்டா காட்டிட்டு கேட்டைத் தாண்டிப் போனீங்களே!"

மணி ஏழேகால். டிராமைப் பிடித்து ஓடினேன். போக்தானின் தளத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க ஐயா, எதையாச்சும் மறந்துட்டீங்களா? இப்பதானே போனீங்க" என்றான் வாட்ச்மேன். "உள்ள எல்லாரும் அழுதுட்டாங்க. நான்கூட."

வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. அங்கே யார் இருப்பார்களோ! ராயா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.  அவள் என்னை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, உள்ளே விட்டாள்.

காலையில் போக்தான் தொலைபேசியில் அழைத்தார்.

"வேடம் உங்களுக்குத்தான். நேத்து எடுத்ததை மறுபடி எடுக்க மாட்டேன். அப்படியே படத்துல வெச்சிருவேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நாற்பது வருடம் மூன்றாவது போலீஸ்காரனாக இருந்து பாருங்கள், தெரியும். மீதிப் படத்தில் நான்தான் நடித்தேன். படம் ஓடியது. விருது கிடைத்தது. தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஆனால் எல்லோரும் புகழ்வது ஒரே ஒரு காட்சியை. கிழவன் தன் மகளுக்கு விடை கொடுக்கும் காட்சி. நான் நடிக்காத காட்சி.

அந்த இடம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. போன குளிர்காலத்தில், மகளாக நடித்த சொலோமியா ஒரு விருந்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டெஸ்ட் அன்னைக்கு ஹீட்டர் கெட்டுப்போய், எனக்குப் பல்லு தந்தியடிச்சுது. நீங்க எப்படி அப்படிப் பண்ணீங்க? இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

"எப்படிப் பண்ணினேன்?"

"நிஜமாவே பாத்ததில்லையா?"

கைபேசியில் போட்டுக் காட்டினாள். மிக அருகில் இரண்டு முகங்கள். அவள் பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் குளிரில் அவள் மூச்சு வாயிலிருந்து வெள்ளைப் புகையாக வந்தது.

என் முகம் பேசியது. கெஞ்சியது. விம்மி விம்மி அழுதது.

கடைசி வரை... அந்த வாயிலிருந்து ஒரு இழை புகைகூட வரவில்லை.