மச்சான் அடைத்த வால்வு

வரிசையில் குறுக்கே புகுகிறவனைக் கண்டால் என் மச்சான் செல்லப்பாண்டிக்கு ரத்தம் கொதிக்கும். சின்னமனூர் டாக்ஸி ஸ்டாண்டில் அவருடைய கறுப்பு அம்பாசடர் எத்தனையாவதாக நிற்கிறதோ, அத்தனையாவதாகத்தான் சவாரி எடுப்பார். வேண்டியவர்கள் கையைப் பிடித்து இழுத்தாலும் முன்னால் நிற்கிற வண்டியைக் காட்டுவார். ஒரு வருஷம் வீரபாண்டித் திருவிழாவில் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்த ஒருவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து, வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த ஆள் என் சொந்தப் பெரியப்பா. அக்கா சங்கிலியம்மாள் மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை. "மூணு நாளும் வீடு அமைதியா இருந்துச்சு மாப்ள" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். இப்படிப்பட்ட மனுஷனிடம் கோபித்துக்கொண்டு என்ன செய்ய?

வண்டி விஷயத்தில் இன்னும் மோசம். காலையில் எஞ்சினைக் கிளப்பினால், ஆயில் மீட்டரின் முள் எழுந்து நிற்கிறவரை கியரைத் தொடமாட்டார். பின் சீட்டில் யார் துடித்தாலும் சரி. "எண்ணெய் மேல ஏறணும்ல? நீங்க பாயிலருந்து எந்திரிச்ச ஒடனே ஓடுவீகளா?" என்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண் சுப்புத்தாய், சின்னமனூர்க்காரி. நான் மேகமலையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கிளார்க். முதல் நாள் சாயங்காலம்வரை லீவு தராத புண்ணியவான் ஒருவர் அங்கே மேனேஜராக இருந்தார். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அதனால் மச்சான் காரோடு மேலே வந்து தங்கி, விடிந்ததும் என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

ஐந்தரை மணிக்குப் பட்டு வேட்டி கட்டி, பல் கிட்டிக்கிற குளிரில் காரில் ஏறினேன். மச்சான் கிளப்பினார். எஞ்சின் பிடித்தது, முள் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தலைப்பக்கம் கடகடவென்று சத்தம். சட்டென்று நிறுத்திவிட்டார். மறுபடி கிளப்பினார். மறுபடியும் கடகட. முள் படுத்த இடத்தை விட்டு அசையவில்லை.

"போகப் போக ஏறும் மச்சான், எடுங்க!"

"எண்ணெய் இல்லாம ஓட்டுனா எஞ்சின் செத்துரும் மாப்ள."

"ஓட்டலேன்னா நான் செத்துருவேன். அங்கன அவ மணவறையில உக்காந்திருப்பா! எறக்கந்தான, எஞ்சினே வேண்டாம், உருட்டிக்கிட்டே போயிரலாம்."

"அந்த வளைவுல உருட்டுனா சின்னமனூருக்குப் போகமாட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

ஓடிப்போய் எங்கள் ஃபேக்டரி ஃபிட்டர் ஏசுதாசனை எழுப்பினேன். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டே வந்து, எண்ணெய் அளவைப் பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் நிறைய இருந்தது, புத்தம் புதிதாக இருந்தது. "ஃபில்டர்ல கை வச்சீகளா?" என்றார்.

மச்சான் துண்டை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். தான் செய்தது தப்பு என்று அவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததே கிடையாது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மச்சான், என்னதான் செஞ்சீக? சொல்லித் தொலைங்க!"

சொன்னார். கல்யாணத்துக்குப் போகிற வண்டியாயிற்றே என்று முந்தாநாள் எண்ணெய் மாற்றியிருக்கிறார். ஃபில்டரைக் கழற்றியபோது, அதன் தலைப்பகுதியில் ஒரு ஸ்பிரிங்கும், அது அமுக்கிப் பிடித்திருந்த சின்னக் குண்டும் கண்ணில் பட்டிருக்கின்றன. குண்டை நகர்த்தினால் அதன் பின்னால் ஒரு துவாரம். அந்த வழியாகப் போகிற எண்ணெய் வடிகட்டிக்குள் நுழையாமலேயே எஞ்சினுக்குப் போய்விடும் என்று தெரிந்ததும் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தன் வண்டிக்குள்ளேயே ஒருத்தன் கயிற்றுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறானே! ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பித்தளைத் துண்டை அளவாக வெட்டி வைத்து, குண்டு அசையாமல் அடைத்துவிட்டார். அதோடு விட்டாரா? அக்காவின் பழைய வாயில் சேலையைக் கிழித்து வடிகட்டியைச் சுற்றி இரண்டு சுற்று வேறு.

ஏசுதாசன் சிரித்த சிரிப்பில் கம்பளி தோளை விட்டு நழுவியது.

"எண்ணெய் வடிஞ்சுதான்யா போகணும், நான் இல்லேங்கல. ஆனா குளுர்ல அது அல்வா கணக்கா கெட்டியா கெடக்கும். வடிகட்டிக்குள்ள நுழையாது. ஃபில்டர் அழுக்கேறி அடைச்சாலும் இதே கததான். அப்ப அந்த எண்ணெயே குண்டைத் தள்ளிக்கிட்டுப் போயி எஞ்சினுக்கு எட்டும். வடியாத எண்ணெய்தான், ஆனா எண்ணெயே இல்லாம ஓடுறதுக்கு அது எவ்வளவோ தேவல. சூடாகி இளகுனதும் குண்டு தானா மூடிக்கிரும்."

"ரெண்டு நாளா நல்லா ஓடுச்சே?" என்றார் மச்சான்.

"கீழ இருக்குற வெயிலுக்கு ஓடும். இங்கன ஓடுமா? அந்தக் குண்டு வால்வு இருந்தனாலதான் ஒங்க எஞ்சின் இத்தன வருசம் உசுரோட இருக்கு."

மச்சான் எஞ்சினை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தப்புத்தான் மாப்ள" என்றார். அந்த ஒரு சொல்லில் என் கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாகக்கூட இருந்தது.

எதையும் தூக்கி எறிகிற பழக்கம் இல்லாதவர். ஸ்பிரிங் டேஷ்போர்டில் ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஃபில்டர் கிண்ணத்தைப் பிடிக்க, ஏசுதாசன் சேலைத் துணியை உருவிப் போட்டார், பித்தளையை நெம்பி எடுத்தார், ஸ்பிரிங்கை மாட்டினார். சிந்திய எண்ணெய்க்கு ஈடாக ஃபேக்டரியிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றி முடிக்கும்போது மணி ஏழே கால். மச்சான் கிளப்பினார். மூன்று பேரும் குனிந்து முள்ளைப் பார்த்தோம். கடகட அடங்கியது. முள் எழுந்தது. "ஏறுது, ஏறுது!" என்று நான் கத்தியதில் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பாதிப்பேர் வெளியே வந்துவிட்டார்கள்.

சின்னமனூர் மண்டபத்து வாசலில் இறங்கும்போது மணி பத்து பதினைந்து. வாசலில் எள் விழ இடமில்லை. ஆரத்தித் தட்டோடு பத்துப் பெண்கள், மாலையோடு மாமன்மார், நடுவில் மேளக்காரர்கள். ஒவ்வொருவரும் அவரவர் முறையைச் செய்யக் காத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து நான் உள்ளே போக அரை மணி ஆகும்.

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்தார். மண்டபத்தைச் சுற்றிச் சந்து வழியாக ஓடி, சமையல்கட்டுப் பின்வாசலில் என்னைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

அங்கே சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும்? பெரியப்பா! அவர் எழுந்து கையை விரித்து மறித்துக்கொண்டார். "என்ன மாப்ளே, வரிசை முன்வாசல்லேல்ல இருக்கு?"

"முன்வாசல் அடைச்சுக்கிச்சு மாமா. இப்ப வழிய விடுங்க. தாலி ஏறட்டும், பெறகு என்னையக் கொண்டுபோயிக் கடைசியில நிறுத்துங்க!"

பத்து இருபத்தைந்துக்குத் தாலி கட்டினேன். சுப்புத்தாய் குனிந்த தலை நிமிராமல், "என்ன இது, எண்ண வாடை?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே வேட்டியில் இருந்த எண்ணெய்க் கறையை மடித்து மறைத்தேன்.

எங்களுக்கு விபூதி பூச ஆட்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். மச்சானைத் தேடினேன். அறுபது, எழுபது பேருக்குப் பின்னால், கடைசியில் நின்றுகொண்டிருந்தார். பெரியப்பா அவர் சட்டையைப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.