கூலிக்கு ஓர் ஆமென்

என் மகள் பிரிசில்லாவின் படிப்பை நிறுத்தச் சொன்னது அவிசுவாசி யாரும் இல்லை. என் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபிக்கும் கிரேஸ் அக்காதான். அன்பானவர்களே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். அவர் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடும். பிரிசில்லாவின் நர்சிங் படிப்பு என் கையை நம்பித்தான் இருந்தது. நான் ஆரி வேலை செய்கிறேன். கல்யாண ரவிக்கைத் துணியை ஸ்டாண்டில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துத் தைக்கிற வேலை. தங்கச் சுரங்கம் மூடிய ஊரில் பெண்களுக்கு வேறு என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் இதைத்தான் செய்கிறோம். பெங்களூரு கடையிலிருந்து ஆர்டர் பிடித்துக் கொடுத்தவர் கிரேஸ் அக்கா.

அவர் கொடுத்த கூலி டீச்செலவுக்கே காணாது. கேட்டால், "இது வியாபாரம் இல்ல ரோஸ்லின், ஊழியம். ஏழைப் பொம்பளைங்களுக்காகத்தான் நான் அலையறேன்" என்பார். ஊழியமாம்! அந்த வார்த்தையைக் கேட்டு நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

போன லெந்து நாட்களில், உபவாச காலத்தில், கல்லூரியில் ஃபீஸ் கேட்டு நெருக்கினார்கள். கூலியைக் கூட்டித் தரும்படி அக்காவிடம் கெஞ்சினேன். அவர் சிரித்தார்.

"பொண்ணைப் படிக்க வச்சு இன்னா பண்ணப்போற? அவளையும் ஸ்டாண்டுல உக்கார வையி. ரெண்டு பேர் கூலி வரும்ல?"

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "உமக்குக் கண் இல்லையா?" என்றே கேட்டேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் அக்கா வீட்டில். எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவரும் ஒரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். ஒருத்தி முதுகுவலி என்றாள். பக்கத்து வீட்டு மேரி கண் மங்குகிறது என்றாள். எல்லாம் ஸ்டாண்டில் குனிந்து குனிந்து வந்த வினை. ஒவ்வொன்றுக்கும் அக்கா உருகி உருகி ஆமென் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முறை வந்ததும் சொன்னேன்: "கிரேஸ் அக்கா எங்க கூலியை ஒழுங்கா குடுக்கணும்னு ஜெபம் பண்ணுங்க."

அக்கா பைபிளைப் பட்டென்று மூடினார்.

"ஜெபத்துல வந்து இன்னாடி பேசற?" என்றார் அக்கா.

"வேற எங்கக்கா பேசறது? இங்கதான நீங்க எல்லாத்துக்கும் ஆமென் சொல்றீங்க!"

மேரி மெதுவாக "ஆமென்" என்றாள். பிறகு இன்னொருத்தி. கடைசியில் எல்லோரும் சொன்னார்கள், அக்காவைத் தவிர.

மறுநாளே எங்களுக்குப் புது வேலை நின்றது. "ஆமென் சொன்னீங்களே, அதையே சாப்பிடுங்க" என்று ஆள்விட்டுச் சொன்னார். ஒருத்தியும் போய் அவர் காலில் விழவில்லை. செய்துகொண்டிருந்த வேலையையும் அப்படியே வைத்துவிட்டோம். அரைவயிற்றோடு படுத்த நாட்கள் உண்டு. ஆனாலும் ஒன்றாகக் கூடி ஜெபித்தோம்.

பதில் காரில் வந்தது. கல்யாண சீசனில் ரவிக்கைகள் வந்து சேரவில்லையே என்று, பெங்களூரு கடைக்கார அம்மா எங்கள் தெருவுக்கே தேடி வந்துவிட்டார். எங்களுக்குக் கிடைத்த கூலியைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கடை கொடுத்த பணத்தில் பெரும்பங்கை அக்காவே எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த பூனையின் கதை அன்று வெளியே வந்தது. எந்த வேலைக்கு என்ன கூலி என்று அந்த அம்மா எங்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தார். இன்றுவரை அது நேராக எங்கள் கைக்கு வருகிறது. மேரி கண்ணாடி போட்டுவிட்டாள். பிரிசில்லா படிக்கிறாள். ஆண்டவருக்கே மகிமை!

போன மாதம் கிரேஸ் அக்கா எங்களிடமே வேலை கேட்டு வந்தார். அவரை மன்னித்துவிட்டாயா என்று போதகர் கேட்டார். "கோபம் இன்னும் தீரலைங்க ஐயா" என்றேன். ஆனால் அக்காவுக்கும் ஒரு ஸ்டாண்டு போட்டுக் கொடுத்தோம். எங்களுக்கு என்ன கூலியோ அதே கூலி. ஒரு பைசா குறைக்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களுக்காக ஜெபிக்கிறவர்கள் உங்கள் சபையிலும் இருப்பார்கள். முதுகுவலிக்கு மட்டும் ஜெபம் கேட்காதீர்கள். வலி யாரால் வந்ததோ, அவர்கள் காதில் விழும்படி கேளுங்கள். இந்தக் கோபக்காரியின் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.