எட்டு மணிச் சத்தம்

பட்டாளத்துக்காரனுக்குப் பொண்ணைக் கொடுத்தால் அரிசிக்குப் பஞ்சமில்லை, புருசனுக்குத்தான் பஞ்சம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ராஜபாளையத்துக் கல்பனாவுக்கு இது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அவள் அப்பா பட்டாளம், சித்தப்பா பட்டாளம், தெருவில் பாதி வீட்டுச் சுவரில் சீருடை போட்ட படம்தான் தொங்கும். எல்லாம் தெரிந்தேதான் அத்தை மகன் தங்கப்பாண்டியனைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் யாரைப் போய் நொந்துகொள்வது?

வருசத்துக்கு இரண்டு லீவு. வந்து இறங்கின அன்றைக்கே திரும்பிப் போகிற பேச்சு ஆரம்பித்துவிடும். மிச்ச நாளெல்லாம் அவர் வெறும் குரல்தான். மகள் கனகா பிறந்தபோது குரல், வீட்டுக்குத் தளம் போட்டபோது குரல், மாமியார் கண்ணை மூடினபோது மட்டும் ஆள் வந்தது, அதுவும் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

அந்தக் குரலோடு குடும்பம் நடத்த இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள். சாயங்காலம் போய் எட்டு மணி அடித்தால் டிவியில் ஒரு சீரியல். இங்கே இவள் கூடத்தில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைப்பாள். அங்கே அவர் முகாமில் டிவி இருக்கிற அறையில் உட்கார்ந்து அதே சீரியலைப் பார்ப்பார். அரைமணி நேரம் சேர்ந்து திட்டுவார்கள், சேர்ந்து சிரிப்பார்கள். விளம்பரம் வந்தால் வீட்டு விசயம். சீரியல்கள் மாறின. மாமியார்கள் செத்தார்கள், செத்தவர்கள் முகத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். இந்த அரைமணி நேரம் மட்டும் மாறவில்லை.

பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நாள் முழுக்கக் கட்டுக் கட்டிவிட்டு வருகிறவள், எட்டு மணிக்கு முன்னால் முகத்தைக் கழுவி, சேலை மாற்றி, ஒரு கண்ணி பூவும் வைத்துக்கொண்டு உட்காருவாள். வீடியோ காலா பேசுற, யாரு பாக்கப் போறா என்று கனகா கேலி செய்வாள். ஆனாலும் கல்பனா பூ வைக்காமல் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

ஆதியில் வீட்டில் இருந்தது பால்துரையின் கேபிள். பால்துரை தெருவுக்கே கேபிள்காரர், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கேக் கொண்டுவந்து கொடுக்கிற மனுசன். அந்தக் காலத்தில் பாண்டியன் அங்கே சிரிக்கிறதும் கல்பனா இங்கே சிரிக்கிறதும் ஒரே நேரத்தில் நடந்தது. பிறகு வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வைக்க வேண்டும் என்று வந்தது பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனியன். படம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் முகாமில் இருந்தது டிஷ். அங்கே முந்தியே வந்துவிடும். கேபிளில் இரண்டு மூச்சு பிந்தித்தான் வரும். அவர் சிரித்து முடித்த பிறகு இவளுக்குச் சிரிப்பு வரும். வில்லி கன்னத்தில் அறை வாங்குவதற்குள் அவர் அங்கே “போடு” என்று சொல்லிவிடுவார். இதில் என்ன பெரிய குடி முழுகிவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பவர்கள் பக்கத்தில் புருசனை வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

பால்துரையைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். சிக்னல் எங்கெங்கேயோ போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது, என் கையில் என்ன இருக்கிறது என்றார். மறு வாரமே கல்பனா மொட்டைமாடியில் டிஷ் மாட்டிவிட்டாள். பால்துரை வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த வருசம் கேக் வரவில்லை. அவளுக்கு அது வருத்தம்தான். ஆனால் எட்டு மணிக்கு மறுபடியும் இரண்டு சிரிப்பும் ஒன்றாய் விழுந்தது, அது போதும் என்றிருந்தாள்.

போன வருசம் தங்கப்பாண்டியனுக்கு மேலே பனி மலையில் போஸ்டிங். குளிர் எப்படி என்று கேட்டாள். ஹீட்டர் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, டிவிகூட இருக்கிறது, கீழே இருந்ததைவிட வசதி என்றார். எட்டு மணிக்கு எப்போதும்போலப் போன் வந்தது. பின்னால் ஏதோ காற்று இரைகிற சத்தம். பழைய ஃபேன் என்றார். பனி மலையில் ஃபேன் எதற்கு என்று இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கனகா கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். காலேஜ் பஸ்ஸில் போய் வருவாள், வந்ததும் நெட் வேண்டும் என்பாள். கேபிள்காரர் பால்துரையே இப்போது ஃபைபர் லைன் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே வயரில் நெட்டும் வரும், டிவியும் வரும், போனும் வரும். மலைப் பக்கம் மேகம் கட்டினாலே நம்ம டிஷ் படுத்துவிடுகிறது, அதை இன்னும் எதற்குத் தூக்கிச் சுமக்கிறாய் என்று கனகா தினமும் பாட்டுப் பாடினாள். கல்பனா அசையவில்லை. ஃபைபரில் டிவி எவ்வளவு பிந்தி வரும் என்று தெருவுக்கே தெரியும். கிரிக்கெட் அன்றைக்குப் பார்த்தால் போதும். விக்கெட் விழுந்தால் டிஷ் வீடு முதலில் கத்தும், பிறகு கேபிள் வீடு, ஃபைபர் வீட்டுக்காரர்கள் கத்தும்போது மற்றவர்கள் எச்சில் விழுங்கி முடித்திருப்பார்கள்.

ஆனால் படிக்கிற பிள்ளையிடம் எத்தனை நாள் முடியாது என்று சொல்வது? கடைசியில் சரி என்றாள். பால்துரை வந்து பெட்டியை மாட்டினார். பழையதை மனதில் வைக்காமல் காப்பியும் குடித்தார். டிஷ்ஷுக்கு இனிமேல் பணம் கட்ட வேண்டாம் என்று கனகா சொல்லிவிட்டாள். கல்பனா புருசனிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. முதல் நாள் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம், அவர் முந்திக்கொண்டு சிரித்தால் மறுநாளே டிஷ்ஷுக்குத் திரும்பிவிடுவது, மகள் என்ன கத்தினாலும் சரி என்று மனதுக்குள் கட்டி வைத்திருந்தாள்.

அன்றைக்கு எட்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அய்யம்மாள் வீட்டில் சீரியல் பாட்டு ஆரம்பித்தது. அவள் வீட்டில் இன்னும் டிஷ்தான். இங்கே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கல்பனா அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் இங்கே பாட்டு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்தாள்.

போன் வந்தது. சீரியலில் சமையல்காரன் மாமியாரை ஏமாற்றுகிற இடம். கல்பனாவுக்குச் சிரிப்பு வந்தது. போனிலும் சிரிப்பு, அதே நேரத்தில், பிசகாமல்.

அவள் நம்பவில்லை. அடுத்த வசனத்துக்குக் காது கொடுத்தாள். அதற்கும் அப்படியே சேர்ந்து “ம்க்கும்” என்றார். கல்பனாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பால்துரை அண்ணன் பெட்டி தங்கப் பெட்டி, ஊரெல்லாம் சும்மா பழி சொல்லுது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நாள் அந்தச் சந்தோசத்திலேயே மிதந்தாள்.

மூன்றாம் நாள் அய்யம்மாள் கெடுத்தாள். பாவம், அவள் வேண்டுமென்று கெடுக்கவில்லை, அவள் வீட்டு டிவிதான் சத்தமாக ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் சீரியலில் ஒருத்தி அழுது முடித்துக் கதவைச் சாத்தினாள். இங்கே அவள் இன்னும் அழவே ஆரம்பிக்கவில்லை. கல்பனாவுக்குச் சுருக்கென்றது. அய்யம்மாளுக்கு டிஷ், அங்கே முகாமிலும் டிஷ். அப்படியானால் அய்யம்மாள் வீட்டில் கேட்கிறபோதே அவருக்கும் வந்திருக்க வேண்டும் இல்லையா? இவர் எப்படி என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்?

பிறகு ஒவ்வொன்றாய் நினைவு வந்தது. முன்னெல்லாம் சேலையைச் சொல்வார், கதாநாயகனின் மீசையைச் சொல்வார், அந்தப் பொண்ணு உன்னை மாதிரியே மூக்கைச் சுளிக்கா என்பார். மேலே போன பிறகு இந்த ஒரு வருசமாக அவர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. காதில் விழுகிற வசனத்துக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்பனா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அமத்தினாள். திரையில் ஆட்கள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். போனில் காற்றுதான் இரைந்தது. செத்த நேரம் கழித்து அவர் குரல் வந்தது.

“என்னட்டி, சத்தத்தையே காணோம்?”

கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லிச் சத்தத்தைத் திரும்ப வைத்தாள். அதற்கு மேல் அன்றைக்கு அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஏமாற்றிவிட்டாரே என்று ஒரு பக்கம் கோபம். எதற்காக ஏமாற்றினார் என்று நினைத்ததும் கோபம் கரைந்து வேறு என்னமோ ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூர்யபிரகாஷ் லீவில் வந்திருந்தான். சோழபுரத்துப் பையன், பாண்டியனோடு அதே இடத்தில் இருக்கிறவன், பெண் எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். லீவில் இறங்குகிறவன் மற்றவர்கள் வீட்டுப் பார்சலையும் சுமந்துகொண்டு வருவதுதான் பட்டாளத்து வழக்கம். அதை வாங்கத் தன் மாமியார் வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தான். கல்பனா பஸ் ஏறிப் போனாள். அக்ரூட்டும் ஒரு சால்வையும் பாண்டியன் கொடுத்து அனுப்பியிருந்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அங்கே டிவியெல்லாம் நன்றாகத் தெரிகிறதா தம்பி என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

அவன் கள்ளம் தெரியாத பையன். சிரித்துவிட்டான். “அங்கன ஏது அண்ணி டிவி? போன் எடுக்கதே ஒரே ஒரு பாறைகிட்டதான். அதுலயும் பேச்சு மட்டுந்தான், நெட்டெல்லாம் கெடையாது. அண்ணன் எட்டு மணியானா அங்க போயி நின்னுக்கிடுவாரு. காத்து ஆளையே தள்ளும். அண்ணி சீரியல் போட்டுட்டாகன்னு நாங்க கேலி பண்ணுவோம், திரும்பியே பாக்க மாட்டாரு.”

திரும்பி வருகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, சால்வையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவள் ஊரில் யாரும் தவறிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். எத்தனை வருசமாக இந்த அரைமணி நேரத்துக்காகக் கேபிள்காரரோடு சண்டை, மகளோடு சண்டை. அந்த அரைமணி நேரம் அவரைப் பனியில் நிறுத்தி வைத்திருக்கிறதே! வீடு வந்து சேருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். அவளிடம் இருந்த ஒரே சொத்து அது. அதைத்தான் விட வேண்டும்.

அன்றைக்குப் போன் வந்ததும், சீரியலை முடித்துவிட்டார்கள், இனிமேல் அந்த நேரத்தில் ஏதோ பாட்டுப் போட்டி போடப்போகிறார்களாம், எனக்கும் அலுப்பாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசிக்கொள்வோம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். சரி என்றார் அவர். அந்தச் சரி அவளை என்னவோ செய்தது.

மறுநாள் எட்டு மணி. டிவி அணைந்து கிடந்தது. பூ வைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போன் வராதா என்றும் இருந்தது, வந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

வந்தது. சாப்பிட்டியா என்றார். அதற்கு மேல் அவளால் நடிக்க முடியவில்லை.

“உள்ள போங்க மச்சான். அந்தப் பாறைகிட்ட நிக்காதீக.”

காற்றுதான் கேட்டது. சூர்யா சொல்லிட்டானா என்று மெதுவாகக் கேட்டார். அவள் ம் என்றாள்.

“வேற எந்தச் சீரியலயாச்சும் வையி கல்பனா. எனக்குப் படம் வேண்டாம். அது ஓடயில நீ அடுப்படிக்குப் போறது கேக்கும், உன் வளையல் கேக்கும், கனகா உங்கூடச் சண்டை போடுறது கேக்கும். நான் அந்த அரைமணி நேரம் வீட்டுக்கு வந்துட்டுப் போறேன். அதையும் நிப்பாட்டிட்டா எங்கட்டி போவேன்?”

கல்பனா கண்ணைத் துடைக்காமலே ரிமோட்டை எடுத்தாள். வைத்தால் அதே சீரியல்தான் ஓடும், பொய் வெளுத்துவிடும். வெளுத்தால் வெளுக்கட்டும் என்று வைத்தாள். மாமியார்க்காரி கத்தினாள். முடிஞ்சுபோச்சுன்னு சொன்ன என்றார் அவர். முடியல என்றாள் இவள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, ஒன்றாகத்தான் வந்தது.

“காதுக்குக் குல்லாவயாவது போட்டுக்கிடுங்க.”

“போட்டா எப்பிடிட்டி கேக்கும்?”

கல்பனா சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கனகா உள்ளேயிருந்து ஓடி வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அய்யம்மாள் சுவரைத் தட்டினாள். கல்பனா ரிமோட்டை விடவில்லை, கூட்டிக்கொண்டே போனாள்.

“இப்பம் போடுங்க. கேக்குதா?”

“போட்டுட்டேன்” என்றார் அவர். “கேக்குதுட்டி.”